எலிக்குக் காட்டிய மரியாதை

பேரவை இதழுக்கு ஏதேனும் எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டபோது, "கவிதை எனக்கு வராது, எலியைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன்" என்றேன். சிரித்தார்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உயிர்மருத்துவ அறிவியல் மாணவியான எனக்குக் கடந்த சில மாதங்களாகப் பல்கலைக்கழக வாழ்க்கை என்பதே எலிக்கூடம்தான். முதுகலை மாணவி ஒருவரின் ஆய்வுக்கு உதவியாளராகச் சேர்ந்து, அதிலிருந்தே என் இறுதியாண்டு ஆய்வேட்டையும் எழுதிக்கொண்டிருக்கின்றேன். பார்க்கின்சன், அல்சைமர் போன்று நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழியும் நோய்களில், வாசனை அறியும் திறன் ஏன் முன்கூட்டியே போய்விடுகின்றது என்பதுதான் ஆய்வுப் பொருள்.

எலியின் மூக்கைச் சோதிப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் என் ஆதங்கம் முழுவதும் இதில்தான் தொங்குகின்றது.

சோதனைக்குச் சில நாள்கள் முன்பிருந்தே எலியின் கூண்டில் ஒரு சிறு துண்டு இனிப்பு பிஸ்கட் வைப்போம். மறுநாள் காலையில் போய், அதைத் தின்றிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். தின்றிருந்தால் அந்த வாசனை அதற்குப் பழக்கமாகிவிட்டது, பிடித்தும் இருக்கின்றது என்று பொருள். அதன் பிறகு ஓர் இரவு பட்டினி. விடிந்ததும் புதிய கூண்டில், தரையில் பரப்பிய மரச்சீவலுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் பிஸ்கட்டைப் புதைத்துவிட்டு எலியை உள்ளே விடுவோம். கையில் நேரம் அளக்கும் கடிகாரம். நல்ல மூக்குள்ள எலி சற்று நேரத்திலேயே நேராகப் போய்த் தோண்டி எடுத்துவிடும். மூக்கு மங்கிய எலி சுவரோரமாகச் சுற்றும், நிற்கும், முகத்தைத் துடைத்துக்கொள்ளும். பதினைந்து நிமிடம் வரை பார்ப்போம்.

அதோடு முடிவதில்லை. தோற்றுப்போன எலிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதே பிஸ்கட்டைப் புதைக்காமல், மரச்சீவலின் மேலேயே கண்ணில் படும்படி வைப்போம். இப்போது ஓடிப்போய் எடுத்துவிட்டால் கோளாறு மூக்கில்தான். இப்போதும் எடுக்காவிட்டால் கோளாறு காலில் இருக்கலாம், பசியில் இருக்கலாம், பயத்தில்கூட இருக்கலாம். மூக்கின்மீது பழி போடுவதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் விசாரித்துவிட வேண்டும். என் மேற்பார்வையாளர் இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்.

ஓர் எலிக்கு இவ்வளவு நியாயம்!

இனி என் பாட்டிக்கு வருகிறேன். அப்பாவின் அம்மா. கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி, லயங்கள் காலியாகி, நாங்கள் தாமானுக்குக் குடிவந்த பிறகும் அவருடைய மூக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. கூடத்தில் உட்கார்ந்தபடியே, "சம்பலுக்குப் பெலாச்சான் பத்தல", "பருப்பு அடிப்பிடிக்குது பாரு" என்று அடுப்படியை ஆட்சி செய்வார். 2019 வாக்கில் அந்தக் குரல் அடங்கிப்போனது. "அத்தைக்கு இப்பதான் குறை சொல்ற பழக்கம் போயிருக்கு" என்று அம்மா சிரித்தது நினைவிருக்கின்றது. நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த நாள்களில் ஒரு சம்பவம். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. எரிவாயு வெளியேறிக்கொண்டிருக்க, பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வந்த அப்பாதான் ஓடிப்போய் அடைத்தார். பிறகு திட்டினார். சாதாரணத் திட்டு அல்ல. "வீட்டையே கொளுத்தப் பாத்தீங்களே" என்று திட்டினார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. தனக்கு வாசனை தெரியவில்லை என்று சொல்ல அவருக்கே தெரியவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அது கோவிட் காலம் அல்லவா? வாசனை போனால் கோவிட் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். கோவிட் இல்லை என்றார்கள். எல்லாருக்கும் நிம்மதி. அத்தோடு மூக்கை மறந்துவிட்டோம்.

2023இல் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. நடை சிறுத்தது. பார்க்கின்சன் என்றார்கள்.

அடுத்த ஆண்டு விரிவுரை மண்டபத்தில் இதையே பாடமாகக் கேட்டபோது எனக்குக் கை ஓடவில்லை. இந்த நோயை 1817இல் முதன்முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், நோயாளிகளின் புலன்கள் கெடாமல் இருக்கும் என்றே குறிப்பிட்டிருந்தார். அந்தக் கூற்று தவறு என்று தெளிவாக வெகுகாலம் பிடித்தது. பார்க்கின்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வாசனைத் திறன் குறைந்திருக்கின்றது என்பதும், நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது தொடங்கிவிடுகின்றது என்பதும் இன்று பாடநூல் செய்தி. 2003இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹைக்கோ பிராக்கும் அவருடைய குழுவினரும் இறந்தோரின் மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்து ஒரு கருத்தை முன்வைத்தனர். ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம் உருமாறிக் கட்டியாகும் அந்தக் கோளாறு, கையை அசைக்கும் பகுதியில் தொடங்குவதில்லை. மூக்குக்கு நேர் மேலே இருக்கும் முகர்குமிழிலும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் முதலில் தலைகாட்டுகின்றது என்றனர். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த 2,267 முதிய ஆண்களைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்வில், வாசனைத் திறன் மிகக் குறைந்திருந்தோருக்கு அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுதலாக இருந்தது.

2019லிருந்து 2023. நான் விரல் விட்டு எண்ணினேன்.

எலிகள் இங்கேதான் தேவைப்படுகின்றன. மனித மூளையைத் திறந்து பார்ப்பதற்கு இறப்பு வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எலியில் தொடக்கத்தைப் பார்க்கலாம். உருமாறிய ஆல்ஃபா-சைனுக்ளினை எலியின் முகர்குமிழில் செலுத்திப் பார்த்தனர் அமெரிக்க ஆய்வாளர்கள். ஓராண்டுக்குள் அது நரம்புப் பாதைகள் வழியே மூளையின் நாற்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்குப் பரவியிருந்தது. எலியின் மோப்பமும் படிப்படியாகக் கெட்டது. இது 2016இல் வெளியானது. அல்சைமருக்காக மரபணு மாற்றப்பட்ட ஒரு வகை எலியில், அமிலாய்டு புரதம் மூன்று மாத வயதிலேயே, மூளையின் மற்றெந்தப் பகுதிக்கும் முன்னதாக முகர்குமிழில் படியத் தொடங்குகின்றது என்று 2010இல் காட்டப்பட்டது. இவை சாதாரணக் கண்டுபிடிப்புகள் அல்ல. எலிகள் இல்லாமல் இவற்றை அறிந்திருக்க முடியாது. சோதனை முடிந்ததும் அந்த எலிகள் என்ன ஆகின்றன என்று வீட்டில் தங்கை கேட்டாள். கொன்று மூளையை எடுத்துவிடுவோம் என்று உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. விலங்கு நெறிக்குழுவின் அனுமதி, எண்ணிக்கை வரம்பு எல்லாம் உண்டு என்று விளக்கியதை அவள் காதில் வாங்கவே இல்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

ஆனால் எலி என்பது சிறிய மனிதன் அல்ல. எலிக்கு வாசனை ஏற்பிகளுக்கான மரபணுக்கள் ஏறக்குறைய ஆயிரம். நமக்கு நானூறு அளவில். அந்த மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். எலியின் முகர்குமிழுக்கு வாழ்நாள் முழுதும் புதிய நரம்பணுக்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். வளர்ந்த மனிதரிடம் அப்படி நடப்பதாக ஏறக்குறையச் சான்று இல்லை. எந்த எலியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் விடையை மாற்றிவிடும். 1982இல் கலிபோர்னியாவில், எம்பிடிபி என்ற நச்சு கலந்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட சிலர் சிலைபோல் உறைந்துபோனார்கள். டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை அந்த நச்சு அழித்திருந்தது. அன்றிலிருந்து அதே நச்சை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கின்சனை ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் அந்த நச்சால் பாதிக்கப்பட்ட மனிதர்களைப் பின்னர் சோதித்தபோது, அவர்களுடைய வாசனைத் திறன் பெரிதாகக் கெடவில்லை! ஆக, கை நடுங்குவதற்கும் மூக்கு மங்குவதற்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எலியிடம் கேட்கும் கேள்வியைச் சரியாகக் கேட்காவிட்டால் விடையும் தப்பாகத்தான் வரும்.

மனிதரிடம் கேட்கும் கேள்வி எப்படி இருக்கின்றது?

பாட்டியின் நோய் உறுதியான பிறகு, ஒரு மருத்துவமனையில் அவருக்கு வாசனைச் சோதனை நடந்தது. மொழிபெயர்க்க நான் உடன் போனேன். ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட சோதனை அது. பதினாறு பேனாக்கள், ஒவ்வொன்றிலும் மைக்குப் பதில் ஒரு வாசனை. மூக்கருகே நீட்டி, நான்கு பெயர்களைச் சொல்லி, எது என்று கேட்பார்கள். தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாதி நல்லவர், பொறுமையானவர். அவர் மலாயில் வாசிக்க, நான் தமிழில் சொல்ல வேண்டும்.

ஒரு பேனாவுக்கு நான்கு பெயர்களில் ஒன்று 'குலிட்'. "தோல், பாட்டி" என்றேன். பாட்டி தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "தோலுக்கு என்னடி வாசனை?" என்றார். மலாயிலும் தமிழிலும் அந்தச் சொல் ஒன்றுதான்: உடம்பின் தோலும் அதுவே, பதனிட்ட தோலும் அதுவே. காலுக்கு ரப்பர் சப்பாத்தும் ஜப்பான் சிலிப்பரும் போட்டு வாழ்ந்த மனுஷிக்குத் தோல் பையின் வாசனையை நான் எப்படிச் சொல்வேன்? இன்னொரு பேனாவில் 'லிக்கரிஸ்'. எனக்குத் தமிழில் வரவில்லை. அசட்டுத்தனமாக "ஒருவகை மிட்டாய்" என்றேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அது அதிமதுரம்! இருமலுக்குப் பாட்டி எங்களுக்கெல்லாம் வாயில் போட்டு அடக்கிக்கொள்ளத் தந்த அதே வேர். அவருடைய மருந்துப் பெட்டியில் அன்றும் ஒரு துண்டு கிடந்தது. 'அனிஸ்' என்று ஒன்று. அதன் மணத்துக்குக் காரணமான அனித்தோல் என்ற பொருள்தான் சோம்பின் மணத்துக்கும் காரணம். சோம்பு என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். நான் "அனிஸ்" என்றே சொன்னேன்.

ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். கட்டுரைப் போட்டியில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அறிவியல் முழுவதும் மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழை எஸ்.பி.எம். வரை விடாமல் எடுத்தேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமை அன்று அந்த அறையில் ஒரு வேர்த்துண்டுக்கு ஈடாகவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. டர்பன்டைன் பேனாவை நீட்டியபோது பாட்டி சற்று நேரம் யோசித்துவிட்டு, "தீபாவளி மாதிரி இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டு, "அப்படிச் சொல்லக்கூடாது பாட்டி, இந்த நாலுல ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவர் ஏதோ ஒன்றைச் சொன்னார். தவறு. தாதி குறித்துக்கொண்டார். தீபாவளிக்கு முன் லயத்து வீடுகளுக்குச் சாயம் பூசுவார்கள், அந்த வாசனையைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உறைத்தது பேருந்தில் திரும்பி வரும்போதுதான். டர்பன்டைன் மூக்கைச் சுடவும் செய்யும். வாசனை அறவே போனவருக்கும் அந்தச் சுரீர் தெரியும் என்பது உண்மை. சுரீர் என்பது வேறு, தீபாவளி என்பது வேறு. அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டது நான்தான். தாதியின்மீதோ மருத்துவமனையின்மீதோ குற்றமில்லை.

பதினாறுக்கு ஆறு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே சராசரியாக நான்கு வரும் கணக்கு அது. இந்த ஆறில் எவ்வளவு மூக்கு, எவ்வளவு மொழி, எவ்வளவு என் அறியாமை? பிரித்துச் சொல்ல வழியில்லை. எலிக்குப் பிஸ்கட்டை முன்கூட்டியே கொடுத்துப் பழக்கினோம். தோற்ற எலிக்கு மறுவாய்ப்புக் கொடுத்துக் காலா, பசியா, மூக்கா என்று பிரித்தோம். பாட்டிக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி உருவாக்கிய நாற்பது வாசனைச் சோதனையில் பீட்சாவும் ரூட் பியரும் இஞ்சி ரொட்டியும் உண்டு. அது மற்ற நாட்டினருக்குப் பொருந்தாது என்று உணர்ந்து, பல பண்பாட்டினருக்கும் தெரிந்த பன்னிரண்டை மட்டும் பொறுக்கிச் சிறு சோதனை ஒன்றைச் செய்தார்கள். ஹவாய் ஆய்வில் பயன்பட்டது அதுதான். ஜப்பானியர் தங்களுக்கென்று தனிச் சோதனையே வைத்திருக்கிறார்கள். ஹினோகி மரம், எழுது மை, ஜப்பானிய ஆரஞ்சு, கறித்தூள் எல்லாம் அதில் இருக்கின்றன. (கறித்தூள் ஜப்பானியருக்குத் தாய்வீட்டு வாசனையாம்! நமக்கு இல்லாத துணிச்சல்.) நம் நாட்டிலும் இத்தகைய சோதனைகளை மலேசியர்களுக்கு ஏற்ப மாற்றும் முயற்சி நடந்திருக்கின்றது. அது நல்ல செய்தி. ஆனால் 'மலேசியர்' என்ற ஒரே கூடையில், கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளர்ந்த என் தோழியின் மூக்கையும் பால்மரக்காட்டில் வளர்ந்த என் பாட்டியின் மூக்கையும் ஒன்றாகப் போட முடியுமா?

இந்த இடத்தில் தொல்காப்பியத்தை இழுப்பது நம் இதழ்களின் வழக்கம். நானும் இழுக்கிறேன், பெருமைக்காக அல்ல. உயிர்களை அறிவால் வகைப்படுத்தும் மரபியல், தொடுதல், சுவைத்தல் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக மூக்கை வைக்கின்றது. கண்ணும் செவியும் அதற்குப் பிறகே. பழந்தமிழில் நாற்றம் என்றாலே மணம். இன்று அந்தச் சொல்லைக் கெட்ட வாடைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். என் தலைமுறைக்கு நல்லதெல்லாம் 'வாசனை', கெட்டதெல்லாம் 'நாத்தம்'. இடையில் பாட்டி வைத்திருக்கும் சொற்களைப் பாருங்கள்: காந்தல், கமறல், முடை, மொச்சை, ஊசல், பச்சை வாடை. ஒவ்வொன்றும் ஒரு தனி வாசனை. இந்தச் சொற்கள் இல்லாமல் தயாரிக்கப்படும் விடைத்தாளில் அவர் தோற்பதில் வியப்பில்லை.

உடனே, "அப்படியானால் பாட்டியின் மூக்கு நன்றாக இருக்கிறது, சோதனைதான் கோளாறு என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்த வாரமே அதிமதுரத் துண்டை நசுக்கி, பாட்டியின் கண்ணைத் துணியால் கட்டி, மூக்கருகே பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை என்றார். வாயில் போட்டதும் மென்றுவிட்டு, "இது அதிமதுரம்டி" என்றார். மூக்கு போய்விட்டது, நாக்கு இருக்கின்றது. சோம்பைக் கையில் தேய்த்துக் கொடுத்தேன். "ஏதோ இருக்கு" என்றார், பெயர் வரவில்லை. ஆக மருத்துவமனையின் முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது சரி என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்த வேர்த்துண்டு தேவைப்பட்டது. வாசனை தெரியவில்லை என்பதும், வாசனையின் பெயர் தெரியவில்லை என்பதும், அந்த வாசனையையே வாழ்நாளில் அறிந்ததில்லை என்பதும் மூன்று வெவ்வேறு செய்திகள்.

இன்னொரு கேள்வியும் வரும். முன்கூட்டியே தெரிந்தால் மட்டும் என்ன பயன்? பார்க்கின்சனைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லையே? உண்மைதான். அறிகுறிகளைத் தணிக்கத்தான் மருந்து உண்டு. ஆனால் நோயைத் தடுக்கும் மருந்தைச் சோதிக்க வேண்டுமானால், நடுக்கம் வராத நிலையில் இருப்பவர்களைத்தான் தேட வேண்டும். அவர்களைக் கண்டுபிடிக்க மிக மலிவான வழி மூக்குதான். 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதுகுத்தண்டு நீரில் உருமாறிய ஆல்ஃபா-சைனுக்ளினைக் கண்டறியும் சோதனை, வாசனைத் திறன் குறைந்த பார்க்கின்சன் நோயாளிகளில் 98.6 விழுக்காட்டினருக்குச் சரியாக வந்தது. வாசனைத் திறன் குறையாதவர்களில் 78.3 விழுக்காட்டினருக்கே வந்தது. மூக்கைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த ஆய்வுகளில் நம் தோட்டத்துப் பாட்டிமார்கள் கணக்கில் வர வேண்டுமானால், அவர்களுடைய மூக்கை அவர்களுடைய மொழியில் கேட்க வேண்டும். ஆய்வு ஒருபுறம் இருக்கட்டும். 2020இல் எங்களுக்கு இது தெரிந்திருந்தால் சமையலறையில் எரிவாயு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டியிருப்போம். அப்பாவும் அப்படித் திட்டியிருக்க மாட்டார். அதை நினைத்து அவர் இன்றும் வருந்துகிறார்.

பேரவை ஆண்டுதோறும் தோட்டப்புறங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சேவைக்குப் போகின்றது. அரிசி, பால்மாவு, போர்வை கொடுக்கிறோம், பாட்டுப் பாடுகிறோம், படம் எடுக்கிறோம். இந்த ஆண்டு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துப் போவோம் என்பது என் கோரிக்கை. அறுபதைக் கடந்தவர்களிடம், "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்து வாசனைகளைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்வோம். சமையல் கருகுவது இப்போதும் தெரிகின்றதா என்று ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்வோம். நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலையல்ல. மூக்கு மங்குவதற்குச் சளியும் முதுமையும்கூடக் காரணமாகலாம். தெரியவில்லை என்பவர்களை மருத்துவரிடம் அனுப்பினால் போதும். நூறு பேரிடம் கேட்டால் ஒரு பட்டியல் தேறும். நம் நாட்டில் வாசனைச் சோதனை தயாரிக்கும் ஆய்வாளர்களிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மருத்துவ மாணவர்கள் மட்டும் வந்தால் பயனில்லை. தமிழ் இயல் மாணவர்கள் அவசியம் வர வேண்டும், சொல் அவர்களிடம்தான் இருக்கின்றது.

முதல் பட்டியல் என்னிடம் தயாராக இருக்கின்றது. பாட்டி சொல்லச் சொல்ல எழுதியது: ஒட்டுப்பால், கட்டிப்பால் மூட்டை, மழை விட்ட பால்மரக்காடு, விறகுப் புகை, பெலாச்சான் சுடுவது, மாரியம்மன் கோவில் கற்பூரம், காம்பு கிள்ளிய வெற்றிலை, டுரியான், மண்ணெண்ணெய் விளக்கு அணைந்த உடனே வருவது. பத்தாவதாக என்ன என்று கேட்டேன். "உங்க தாத்தா சட்டை" என்றார். அதை எந்தப் பேனாவில் அடைப்பது என்று தெரியவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.